கீழ் வரிசை மட்டும்

தலையைத் தாழ்த்திக் காலைத் தூக்கிச் சாய்த்துவிட்ட நாற்காலியில் வாயை ஆவென்று பிளந்துகொண்டு கிடக்கிறவனுக்குப் பேரம் பேச வழி கிடையாது, இந்தத் தொழிலின் சூட்சுமமே அதுதான் என்று செங்கோடன் கண்டுபிடித்துவிட்டார். முதலில் வாயை அடைக்கிறார்கள், அப்புறம் வேலையை ஆரம்பிக்கிறார்கள். குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் பழைய விசைத்தறிகளை வாங்கி விற்றே தலை நரைத்துப்போன தனக்கு இந்த யோசனை தோன்றாமல் போயிற்றே. தறி விற்க வருகிறவன் வாயில் ஒரு குழாயைச் சொருகிவிட்டு விலை சொன்னால் எப்படி இருக்கும்! "அப்பா, நாக்கைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்குங்க" என்றாள் டாக்டர் வைஷாலி, மூக்கும் வாயும் மூடிய முகமூடிக்குள்ளிருந்து. யாருக்கு யார் அப்பா? மகள் வயதுதான், மறுக்கவில்லை. மகள் என்றால் அப்பனிடம் ஆயிரத்தைந்நூறு கேட்பாளா? அதுவும் எதற்கு? ஒரு பல்லைப் பிடுங்கினால் பிடுங்கின பல்லாவது கையில் இருக்கும். கட்டினால் கட்டின பல்லாவது வாயில் இருக்கும். இது இரண்டும் இல்லை. இருக்கிற பல்லை இருக்கிற இடத்திலேயே வைத்துத் தேய்த்துக் கொடுக்கக் கூலி. தினம் காலையில் குழாயடியில் நின்று பல்பொடியை ஆள்காட்டி விரலில் தொட்டு அவர் தேய்க்கிறாரே, அதற்கு எந்த மகராசன் கூலி கொடுத்தான்? ஊசி மாதிரி நுனி வைத்த அந்த மெஷின் கீழ் ஈறின் உட்பக்கம் நுழைந்து ஙீ என்று இழுத்தது. தறிச் சத்தம் என்றால் அது ஆண்பிள்ளைச் சத்தம், நெஞ்சில் அடிக்கும், பழகினால் அதிலேயே தூங்கலாம். இது கொசு ஒன்று மண்டைக்குள் புகுந்து குடும்பம் நடத்துகிற சத்தம். தண்ணீர் வேறு பீய்ச்சுகிறது. பீய்ச்சின தண்ணீரை ஒரு குழாய் உறிஞ்சுகிறது. தானே கொடுத்துத் தானே வாங்கிக்கொள்கிற வியாபாரம். ஆனால் செங்கோடன் ஏமாந்தவர் இல்லை. நாற்காலியில் ஏறும் முன்பே ஒரு பேரத்தை முடித்துவிட்டுத்தான் ஏறினார். "மொதல்ல கீழ் வரிசை மட்டும் பண்ணும்மா, பாதிக் காசு. மனசுக்குப் புடிச்சா மேல" என்றார். "சட்டைக்கு ஒரு கை மட்டும் தைச்சுத் தருவாங்களாப்பா?" என்று அவள் சிரித்தாள். "ஒத்தைக் கையன் கேட்டாத் தைப்பாங்க" என்றார். இந்த மாதிரி பதிலுக்குப் படித்தவர்கள் எப்போதும் தடுமாறுவார்கள். அவளும் தடுமாறினாள். கீழே முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் விடுவதாகவும், அப்புறமும் வேண்டாமென்றால் பாதி கொடுத்துவிட்டுப் போகலாமென்றும் ஒத்துக்கொண்டாள். ஜெயித்தாகிவிட்டது. கீழ் வரிசை முடிந்ததும் எழுந்துவிட வேண்டியது, பில்லை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டியது, பாலத்தைத் தாண்டிப் பவானிக்குப் போய் மகள் முன்னால் பில்லை வீசிப் பெண்டாட்டி சம்பூர்ணத்தைக் கூட்டிக்கொண்டு வர வேண்டியது. பில்லில் மேலே கீழே என்றா எழுதியிருக்கும்? பெண்டாட்டி என்ன, வாயைத் திறந்து எண்ணியா பார்க்கப்போகிறாள்?

சம்பூர்ணம் கோபித்துக்கொண்டு போனது காது மெஷினுக்காக. திரும்பி வரக் கேட்பது பல். காதுக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்? நாலு நாளாக இந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்து நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். அவளுக்குக் காது மந்தம். தறிக்காரன் வீட்டில் பிறந்து தறிக்காரி ஆனவள், காது மந்தமாகாமல் என்ன செய்யும்? கல்யாணமான சில வருஷத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. கிட்டப் போய் ஒன்று சொன்னால் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, "இந்தக் காதுல சொல்லுங்க" என்பாள். காதைக் கொடுப்பாள். அது ஒன்றும் புதிதில்லை, இந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான். நாற்பது தறி ஓடுகிற பட்டறைக்குள் ஒருத்தன் பேச வேண்டுமென்றால் எதிராளியின் காதோடு வாயை வைத்துத்தான் பேச வேண்டும், பதிலுக்கு அவன் உன் காதில் வைத்துப் பேசுவான். செங்கோடன் தொழில் படித்ததே அப்படி. தறியில் பாவு நூல் பிணைக்கிற கூலிப்பையனாக நுழைந்து, மேஸ்திரியிடம் அறை வாங்கி, நூல் பொதி மேல் படுத்து, முதல் தறியைக் கடனுக்கு வாங்கி விற்ற காலத்திலிருந்து அவருடைய எந்த வியாபாரமும் காதோடு காதாகத்தான் முடிந்திருக்கிறது. பட்டறைக்கு வெளியே, தறி நிறுத்தின நேரத்தில், டீக்கடையில், பஸ்ஸில் எல்லாமே அந்தப் பழக்கம்தான். கிட்டப் போய், குரலைத் தாழ்த்தி, மூச்சு மேலே படுகிற தூரத்தில் நின்று விலையைச் சொல்ல வேண்டும். எதிராளி முகத்தைத் திருப்பிக் காதைக் கொடுப்பான். காதைக் கொடுத்துவிட்டான் என்றால் தறியைக் கொடுத்துவிட்டான் என்று அர்த்தம். "செங்கோடன் காதோட பேசினா ரெண்டாவது வார்த்தை கிடையாது" என்று ஊரே சொல்லும். அப்படிப்பட்டவன் வீட்டில் பெண்டாட்டி மட்டும் எப்போதும் ஒரு பக்கமாகவே நின்றுகொண்டிருந்தால் மந்தம் என்றுதானே அர்த்தம்? நாலைந்து வருஷத்துக்கு முன்னால் அவளே வாய்விட்டுக் கேட்டாள், காதுக்கு ஒரு மெஷின் வாங்கிக் கொடுங்களேன் என்று. நகை கேட்டவள் இல்லை, நட்டு கேட்டவள் இல்லை, கேட்டது இந்த ஒன்றுதான். ஈரோட்டுக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒருத்தன் அவள் தலையில் எதையோ மாட்டி, பொத்தானைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அம்மாவுக்குக் காது நல்லாவே இருக்குங்க, மெஷின் தேவையில்லை" என்றான். செங்கோடனுக்குச் சிரிப்பு வந்தது. இந்தத் தந்திரம் அவருக்குத் தெரியாதா? விற்கிற எண்ணமே இல்லைங்க என்று சொல்கிறவன்தான் விலையை ஏற்றுகிறவன். "டேய், மெஷின் விக்கறவனே மெஷின் வேண்டாங்கறேன்னா எவ்வளவு ஏத்தப் பாக்கறே?" என்று அவன் காதருகே போய் ஒரு பிடி பிடித்தார். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கேட்ட விலைக்குப் பேசாமல் எடுத்துக் கொடுத்தான். அதற்கப்புறம் வீடு நன்றாகத்தான் இருந்தது. "மெஷின் மாட்டியிருக்கேன், அங்கிருந்தே சொல்லுங்க, கேக்கும்" என்பாள். அடுப்படியில் அவள், முன்னறையில் அவர். கேட்டது. எல்லாம் கேட்டது. போன வாரம் அது மாவு அரைக்கிற கிரைண்டருக்குள் விழுந்து இட்லி மாவோடு அரைபட்டுப் போயிற்று. புதுசு கேட்டாள். "எதுக்குடி புதுசு? நானென்ன செத்தா போயிட்டேன்? கிட்ட வந்து சொல்றேன்" என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அவள் தோசை ஊற்றும்போது பின்னாலேயே போய் நின்று காதோடு பேசினார், துணி மடிக்கும்போது பேசினார், படுத்த பிறகும் தலையணைக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய்ப் பேசினார். பெண்டாட்டிக்காக எவன் இவ்வளவு மெனக்கெடுவான்? மூன்றாம் நாள் காலையில் இரண்டு சேலையைப் பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். மகள் மோகனா போனில் சொன்னாள், "அப்பா, மெஷினெல்லாம் வேண்டாம். நீங்க போயி பல்லு க்ளீன் பண்ணிட்டு வாங்க. அம்மா வந்துரும்." "ஏண்டி, அவளுக்குக் காது கேக்கலைன்னா நான் எதுக்குடி பல்லைத் தேய்க்கணும்?" என்று இவர் கத்தினதற்கு அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான், சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை, வைத்துவிட்டாள்.

பல் மெஷினின் ஊசி நுனி முன்பல்லுக்கு வந்துவிட்டது. ஆ. அங்கே வேண்டாம். அங்கே வேண்டாமடி. கையைத் தூக்கினார். நிறுத்தினாள், குழாயை நகர்த்தினாள், மறுபடி ஆரம்பித்தாள். அந்த நாலு கீழ்ப்பல்லும் கொஞ்சம் ஆடுகிற பல். ஆடுகிறது என்பது அவருக்கும் அவர் நாக்குக்கும் மட்டும் தெரிந்த விஷயம். முறுக்கைக் கடைவாயில் கடித்து, கரும்பைத் தொடுவதே இல்லை என்று சபதம் போல வைத்துக்கொண்டு, இத்தனை நாள் மறைத்தாகிவிட்டது. இப்போது இவள் சுரண்டுகிறாள். பல்லில் கட்டியிருக்கிற காறையைச் சுரண்டினால் பல் ஆடும், யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நூல் வியாபாரம் வையாபுரி இப்படித்தான் சென்னையில் இருக்கிற மகன் பேச்சைக் கேட்டுக்கொண்டு க்ளீன் பண்ணினான், வருஷம் திரும்புவதற்குள் முன்வரிசை காலி, இப்போது கல்யாண வீட்டில் அப்பளத்தைச் சாம்பாரில் ஊறவைத்துத் தின்கிறான். வையாபுரி என்ன, தறியே சொல்லுமே. பழைய தறியில் பஞ்சும் எண்ணெயும் சேர்ந்து இறுகிப்போய்க் கறுப்பாக ஒரு கட்டு கட்டியிருக்கும். அதை எவனாவது விற்பதற்கு முன்னால் சுரண்டுவானா? வெப்படையில் ஒரு விடலை, புதுசாகத் தறிக் குடோனுக்கு முதலாளி ஆனவன், தறி பளபளவென்று இருந்தால் கூடுதல் விலை வருமென்று மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவி வைத்திருந்தான். ஓட்டச் சொன்னார் செங்கோடன். கடகடவென்று ஆணி முதல் அச்சு வரை தாளம் போட்டது. அழுக்குதான் அதுவரை பிடித்துக்கொண்டிருந்தது. "அழுக்கு ஒரு கட்டுடா தம்பி" என்று அவன் காதோடு சொல்லி, பாதி விலைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்த அனுபவத்தை எந்தக் காலேஜில் படிக்க முடியும்? இன்றைக்கு அதே செங்கோடன் காசும் கொடுத்துக் கழுவவும் கொடுத்துப் படுத்திருக்கிறான். அவருடைய அப்பன் ஒரு நாள் ஒரு டாக்டர் வாசலை மிதித்ததில்லை, வேலங்குச்சியோடு சரி, சாகும்போது வாய் நிறையப் பல். பாடையில் வாய்க்கட்டுக் கட்டும்போது கூட முன்பல் துருத்திக்கொண்டு நின்றது. செத்த பிறகு எதற்குப் பல், அது வேறு கேள்வி. உயிரோடு இருக்கிறவனுக்கு வேண்டும். பேசுகிறவனுக்கு வேண்டும். முன்பல் போன பிறகு விலை சொன்னால் காற்றாகப் போகும், ஐயாயிரம் என்பது புஸ்ஸென்று போகும், எவன் பயப்படுவான்? பொக்கை வாயன் என்பான்கள். பேச்சை விற்றுப் பிழைத்தவனுக்குப் பேச்சு போனால் என்ன இருக்கிறது, கை ரேகையா? இரும்பு ருசி நாக்கில் ஏறியது. ரத்தம். நூல் பொதி மேல் படுத்திருந்த காலத்தில் மேஸ்திரி அறைந்து உதடு கிழிந்த ராத்திரியின் ருசி. அன்றைக்கு விழுங்கினார். இன்றைக்குக் குழாய் உறிஞ்சுகிறது, அதற்கும் சேர்த்துத்தான் காசு.

"கீழ முடிஞ்சுதுப்பா. துப்பிக்குங்க" என்று நாற்காலியை நிமிர்த்தினாள். துப்பினார். தொட்டியில் இளஞ்சிவப்பாக ஓடியது. நாக்கு பழக்கத்தில் கீழ்ப்பல்லின் உட்பக்கம் போய்த் தடவியது, தடவின இடத்தில் சுவரைக் காணோம். இத்தனை வருஷம் ஒரே கட்டடமாக இருந்தது இப்போது தனித்தனிக் கல்லாக நிற்கிறது, நடுவில் சந்து, சந்துக்குள் காற்று. "ஏம்மா! பல்லைத் தேச்சுட்டியே!" என்று கத்தினார். "பல்லு அப்படியே இருக்குப்பா. போனது காறை" என்று ஒரு தட்டைக் காட்டினாள், அதில் பழைய சிமெண்டு பெயர்ந்த மாதிரி கறுப்பும் பழுப்புமாகச் சில்லுகள் கிடந்தன. "இதென்ன?" "உங்களுதுதான்." பார்க்க அருவருப்பாக இருந்தது, அதே நேரம் தன் சொத்தை எடுத்து வைத்துக்கொண்டாளே என்றும் இருந்தது. "இப்ப ஆடுதே! வரும்போது ஆடலையே!" என்று பொய் சொன்னார். "வரும்போதே ஆடிட்டுத்தான் இருந்துச்சு. காறை அணைச்சுப் புடிச்சிருந்ததால தெரியல. அதேதான் ஈறையும் தின்னுக்கிட்டு இருந்துச்சு. இப்படியே விட்டிருந்தா நாலும் ஒண்ணா வந்திருக்கும். இனி ஈறு இறுக வாய்ப்பிருக்கு" என்றாள். என்ன நிதானமாகச் சொல்கிறாள்! வெப்படை விடலையிடம் இவர் சொன்ன அதே நிதானம். அதனாலேயே ஒரு வார்த்தையும் நம்ப முடியவில்லை. "மேல் வரிசை இன்னும் மோசமா இருக்குப்பா. படுங்க, முடிச்சுடலாம்" என்றாள். வேண்டாம். இதுதான் சமயம். கடைசி விலை பேசுகிற சமயத்தில் எப்படி உட்கார வேண்டுமோ அப்படி உட்கார்ந்தார். முன்னால் சாய்ந்தார், குரலைத் தாழ்த்தினார். "இதா பாரும்மா, மேல வேண்டாம். பாதி குடுத்துடறேன். பில்லுல மட்டும் முழுசாப் பண்ணினதாப் போட்டுக் குடு, உனக்கென்ன நட்டம்?" சொல்லச் சொல்ல அவள் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பினாள். காதைக் கொடுத்துவிட்டாள்! செங்கோடனுக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி ஓடியது. படிந்துவிட்டது. இன்னும் கிட்டப் போனார், தொப்பிக்குக் கீழே தெரிந்த அந்தக் காதை நோக்கி. அவள் உட்கார்ந்திருந்த சக்கர ஸ்டூல் காலால் உந்தப்பட்டு ஓரடி பின்னால் போயிற்று. இவர் சாய்ந்தார். ஸ்டூல் இன்னும் போயிற்று, சுவரில் முட்டி நின்றது, முகம் மட்டும் திரும்பினபடியே இருந்தது. "ஏம்மா, உனக்கும் காது மந்தமா?" என்றார் எரிச்சலோடு. "இல்லீங்கப்பா, காது நல்லாக் கேக்குது" என்றாள். "அங்கிருந்தே சொல்லுங்க, கேக்கும்."

அங்கிருந்தே சொல்லுங்க, கேக்கும். இதை எங்கேயோ. இதே வார்த்தை, இதே ராகம். "ஏன் மூஞ்சியத் திருப்புனே?" என்று கேட்டார். கேட்ட பிறகு கேட்டிருக்க வேண்டாமென்று தோன்றியது. அவள் முகமூடியைச் சரிசெய்தாள். "கோவிச்சுக்காதீங்கப்பா. ஈறுல சீழ் கட்டியிருக்கு. ரொம்ப வருஷமா இருக்கும்போல. வாடை வரும், அது நோய்தானே, உங்க தப்பில்ல. நாங்க பழகினவங்க, எங்களுக்கு ஒண்ணுமில்ல." ஒண்ணுமில்லையாம், சுவரில் முட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "வீட்டுல யாரும் சொல்லலீங்களா?" என்றாள், கடைசியாக. செங்கோடன் கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்தார். துடைத்த பிறகும் கையை எடுக்கவில்லை, வாய்மேல் அப்படியே வைத்துக்கொண்டார். வீட்டில் யாரும் சொல்லவில்லை. வெளியிலும் யாரும் சொல்லவில்லை. காதைக் கொடுத்தார்கள். இல்லை, இல்லை, மூக்கை எடுத்துக்கொண்டுபோனார்கள். குப்புராசு, ஆறு தறியை அடிமாட்டு விலைக்குக் கொடுத்தவன், கையெடுத்துக் கும்பிட்டு, "சரி சரி, எடுத்துக்கிட்டுப் போங்க சாமி" என்றானே, கண்ணில் தண்ணீர் நின்றதே, அன்றைக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது, எப்பேர்ப்பட்ட கல்லையும் அழவைத்துவிட்டோம் என்று. வெப்படை விடலை வாயைப் பொத்திக்கொண்டுதான் தலையாட்டினான், தோற்றதற்கு வெட்கப்படுகிறான் என்று நினைத்தார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்த ஆள் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கினானே, அவன் ஊர் அதுதானா? முடிவெட்டுகிறவன் எப்போதும் பின்னாலிருந்தே பேசுவான். பாங்க் மேனேஜர் நாற்காலியைத் தள்ளிப்போட்டுவிட்டு, கேட்ட கடனுக்குச் சீக்கிரமாகக் கையெழுத்துப் போட்டார். ஈரோட்டில் காது மெஷின் விற்றவன் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான், அட நாய்ப்பயலே, உண்மையை ஏண்டா அவ்வளவு மெதுவாகச் சொன்னாய்? ஒருத்தனும் சொல்லவில்லை. ஊரே சேர்ந்து இதை ஒரு மனுஷனிடமிருந்து மறைத்து வைத்திருந்திருக்கிறது. இத்தனை நாள் பேசிப் பேசி ஜெயித்தேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தது அத்தனையும் இந்தத் தட்டில் கிடக்கிற சில்லால்தானா? இதுதானா என் வியாபாரத்துக்குப் போட்ட முதல்? ஐயோ, முதல் என்றால் இது முதல்தானே! ஒரு பைசா போடாமல் வாயிலேயே விளைந்த முதல். இதைக் காசு கொடுத்து அழித்துவிட்டு நாளைக்கு வெறும் வாயோடு பட்டறைக்குள் போய் நின்றால், எதிராளி முகத்துக்கு நேராகப் பார்த்து, "கட்டாதுங்க" என்று சொல்வானே, அப்புறம் என்ன பேசுவது? பேசத் தெரியுமா இந்தச் செங்கோடனுக்கு?  மேல் வரிசை இருக்கிறது. அது இன்னும் இவருடையது. எழுந்து போய்விடலாம், பாதி முதலாவது மிஞ்சும், இன்னும் சில காலம் ஓட்டலாம். ஓட்டலாம்தான், யாரிடம்? தறி விற்கிறவனிடம் ஓட்டலாம். ராத்திரி தலையணைப் பக்கத்தில் ஒரு பக்கமாகவே படுத்திருந்தாளே. முதுகு காட்டிப் படுத்தால் கோபிப்பார் என்று மல்லாந்து, முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பி, "இந்தக் காதுல சொல்லுங்க" என்று. எத்தனை வருஷம். கழுத்து வலிக்கிறது என்று தைலம் தேய்த்துக்கொள்வாளே, அதற்குக் கூட வேலை செய்யாமல் தின்றால் கழுத்துதான் வலிக்கும் என்று இவர் அதே காதில் சொன்னாரே.

"ஒரு நிமிஷம்மா" என்று போனை எடுத்தார். உதடு தடித்திருந்தது. மோகனா எடுத்தாள், ஒன்றும் கேட்காமல் "அம்மா, அப்பா" என்று கொடுத்தாள். பாத்திரம் கழுவுகிற குழாயை யாரோ மூடுகிற சத்தம். "சொல்லுங்க" என்றாள் சம்பூர்ணம். "காது கேக்குதா?" "ம்." "மெஷின் இல்லாமயே கேக்குதா?" பாத்திரம் ஒன்றைக் கவிழ்த்து வைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம், "டாக்டரம்மா சொல்லிட்டாங்களா?" என்றாள். கோபம் கிளம்பியது, எங்கே கிளம்ப வேண்டுமோ அங்கேயே, தொண்டைக்குக் கீழே, தயாராக. "ஏண்டி! ஊரான் சொல்லல சரி. பெண்டாட்டி, நீ ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? செவிடின்னு வேஷம் போட்டுட்டு என் காசுல மெஷின் வாங்கி மாட்டிக்கிட்டுத் திரிஞ்சியே, சொல்லியிருந்தா..." "சொல்லியிருந்தா?" என்று கேட்டாள். அவ்வளவுதான், ஒரே வார்த்தை.  புகையிலையை விடுங்க என்று ஒருமுறை சொன்னாள், சாப்பாட்டுத் தட்டு முற்றத்தைத் தாண்டித் தெருவில் போய் விழுந்தது. குழம்பில் உப்புக் கூடிப்போச்சு என்று அவளே முந்திக்கொண்டு சொன்னதற்கு ஒரு வாரம் அவள் அப்பன் வீட்டு வண்டவாளம் பூராவும் தோசைக்கல் சூட்டோடு காதில் இறங்கியது. போனில் அவள் மூச்சு கேட்டது. "நாத்தம் மட்டும்னா ஒரு வேப்பங்குச்சிய ஒடிச்சுக் கையில குடுத்திருக்க மாட்டனா?" என்றாள், சத்தம் போடாமல், அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி. "அந்த வாயில இருந்து இத்தனை வருஷமா என்னென்ன வந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். மூஞ்சியத் திருப்பிக்க எனக்கு ஒரு சாக்கு வேணும். காது மந்தம்னு நீங்களே குடுத்தீங்க, வெச்சுக்கிட்டேன். மெஷின் இருந்தப்ப தூரமா நின்னு திட்டுனீங்க, தாங்க முடிஞ்சுது." டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பி எதையோ கழுவிக்கொண்டிருந்தாள். கதவுக்கு வெளியே, வீங்கின கன்னத்தோடு ஒருத்தன் இவரையே பார்த்துக்கொண்டிருந்தான். இவர் போனை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "கீழ் வரிசை முடிஞ்சுது" என்றார், சம்பந்தமில்லாமல். "மேல?" "மேல எதுக்குன்னு பாத்தேன்." "ஓ" என்றாள். அந்த ஓவில் இருந்த சிரிப்பைத் தாங்கவே முடியவில்லை, அதில் கோபம் இருந்திருந்தால் கூடத் தேவலை. "எப்ப வர்றே?" என்று கேட்டார். அவள் யோசித்தாள், யோசிப்பது கேட்டது. "வர்றேன். முழுசா முடிச்சுட்டு வாங்க, வர்றேன். வந்து ஒரு பாவு ஓட்டிப் பாக்கறேன்." பழைய தறி வாங்குகிற எவனும் கேட்கிற முதல் சலுகை அது. தறியைக் கொண்டுபோய் நிறுத்தி, ஒரு பாவு நூல் ஏற்றி, அது துணியாக இறங்கி முடிகிற வரை ஓட்டிப் பார்ப்பான், சரிப்பட்டால் வைத்துக்கொள்வான், இல்லையென்றால் திருப்பி அனுப்புவான். செங்கோடன் தன் தொழிலில் ஒருத்தனுக்கும் அந்த உரிமையைக் கொடுத்ததில்லை. எடுத்தால் எடு, இல்லையென்றால் இடத்தைக் காலி பண்ணு. "சரிப்படலைன்னா?" என்றார். "மோகனா வீட்டுல மாடி ரூம் சும்மாத்தான் கெடக்குது. மருமகப் பிள்ளையும் ஒண்ணும் சொல்லாது." அரைப் பாவு என்று சொல்லத்தான் வாய் வந்தது. பத்து நாள் என்று. இல்லாவிட்டால், நான் யாரென்று நினைத்தாய் என்று. எல்லாம் வந்து புதுசாக விழுந்திருந்த சந்துகளில் நின்றது, அங்கே காற்று சில்லென்று அடித்தது. "சரி" என்றார். "என்னங்க?" "சரின்னேன்." "கேக்கல" என்றாள் சம்பூர்ணம். கேட்டது. அவளுக்கு நன்றாகக் கேட்டது என்று அவருக்குத் தெரியும், கேட்டது அவருக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். கைக்குட்டையை வாயிலிருந்து எடுத்தார். வீங்கின கன்னக்காரன் காதைத் தீட்டிக்கொண்டான், டாக்டர் குழாயை நிறுத்தினாள். "ஓட்டிப் பாருன்னு சொன்னேன்" என்றார், பட்டறையில் கத்துகிற குரலில். சொல்லிவிட்டுத் தானாகவே நாற்காலியில் பின்னால் சாய்ந்து வாயைப் பிளந்தார்.